நான்கு மடிப்பு டெனிம்

லியேஜ் நகருக்கு வெளியே, கைவிட்ட
நிலக்கரிச் சுரங்கத்தில் எங்கள் சோதனைக்கூடம்.
மேலே நவம்பர் மழை.
இங்கே வருடம் முழுக்க ஒரே குளிர்.

பன்றித்தோல் ஜெலட்டினை
நேற்றே காய்ச்சி, நுரை வழித்து,
அச்சில் ஊற்றிவிட்டாள் ஒதில்.
காலையில் அழுத்திப் பார்த்தேன்.
சதை என்று நம்பச் சொன்னால்
நம்பலாம்.

தோட்டா என் சுண்டுவிரல் நகத்தைவிட ஒல்லி.
வேகம்தான் அதன் எடை.

முன்னால் டெனிம் கட்டவேண்டும், நான்கு மடிப்பு.
விதி அது.
பழைய துணிக்கடையில் ஒரு கால்சட்டை,
மூன்று யூரோ.

சுட்டோம்.
வேகமானி பூஜ்யம் காட்டியது.
கிஸ்லேன் திட்டினான்: கம்பியை, கம்பெனியை, கடைசியாக என்னை.
மறுபடி.
நொடிக்கு அறுநூற்றுப் பதினோரு மீட்டர்.

மெதுவாக ஓட்டிய படத்தில்
கட்டிக்குள் ஒரு குகை வாய்பிளக்கிறது.
தோட்டா குப்புறக் கவிழ்ந்து
வால் முன்னாகப் போகிறது.
குகை, ஒன்றும் நடக்காததுபோல்,
மூடிக்கொள்கிறது.

துணியை அவிழ்த்தபோதுதான் கண்டோம்,
பைக்குள் துவைத்துத் துவைத்து
அட்டையாகிப்போன ஒரு சீட்டு.
பிரித்தால் மடிப்புக்கொரு துளை.
நீல மசியில்:
பால், பேட்டரி, பாஸ்டியனுக்குப் பல்
அதற்குமேல் ஓட்டை.

பல்துலக்கியா, பல்வலி மாத்திரையா?
சாப்பாட்டு நேரம் முழுக்க வாதாடினோம்.
ஒதில் மட்டும் சேரவில்லை.
கட்டியை அறுத்து அண்டாவில் போட்டுக்கொண்டிருந்தாள்,
நாளைக்கு உருக்க.

அறிக்கையின் கடைசிக் கட்டத்தில் எழுதினேன்:
'துணியில் அன்னியப் பொருள்.
முடிவைப் பாதிக்கவில்லை.'
கிஸ்லேன் படிக்காமலே
கையெழுத்துப் போட்டான்.