முப்பத்தொன்று

போன மாதம் துவாஸ் விடுதி வாசலில்
இருநூற்றுப் பதினான்கு துண்டுத்தாள் கொடுத்தோம்.
அறிக்கையில் அதுவே ‘சென்றடைந்தோர்’.
கூட்டிப் பெருக்கும் சூசை அண்ணன்
குப்பைப்பையைத் திறந்து காட்டினார்:
பாதிக்கு மேல் மடிப்புக் கலையாமல்.

“ஃபோர்மன் நிக்கிற வரிசையில
எவன் ஆணுறை எடுப்பான்?”

இந்த ஞாயிறு
மேசையைத் துணி காயும் பக்கம் நகர்த்தினேன்.
நாற்காலியைச் சுவர் பார்க்கத் திருப்பினேன்.
பெயர் கேட்கவில்லை.

முப்பத்தொரு பேர்.
அதில் ஒருவன் மழை விடும்வரை பேசாதிருந்து
“கொசு கடிச்சா வருமா?” என்றான்.
அது அவன் கேள்வி இல்லை.
காத்திருந்தேன்.
இரவு ஷிப்ட் லாரி ஹாரன் அடித்த பிறகுதான்
அவன் கேள்வி வந்தது.

எண் ஏன் குறைந்தது என்கிறது தலைமையகம்.
காத்திருந்த நேரத்துக்குப்
படிவத்தில் கட்டமில்லை.
ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்:
நாற்பது நிமிடம்.