அத்திமரத்துக்குக் கீழே

ராயபுரம் கல்மண்டபத்துக்குப் பின்னால் எங்கள் கோயில்.
ஞாயிறு எட்டரைக்குக்
காசிமேட்டுக் காற்று வந்து
துதிப்பாடலில் மீன்வாடை கலக்கும்.
பதினேழு பிள்ளைகள், ஒரே மின்விசிறி,
ஒரு கால் ஆடும் கரும்பலகை.
அன்றைக்குப் பாடம்
மரமேறிப் பார்த்த வரிவசூல்காரன்.

வருடா வருடம் எடுக்கிற பாடம்தான்.
குறிப்பேடு தேவையில்லை.
"அவர் ஏன் மரத்துல ஏறினார்?"
"குள்ளம், டீச்சர்!"
பதினேழு வாய்க்கும் ஒரே பதில்.
எங்கே, நடித்துக் காட்டுங்கள் என்றேன்.
சொன்னது நான்தான்.
இதை எழுதுவதே அந்த ஒரு வரிக்காக.

ஜெஃப்ரின் முட்டியை மடக்கிச்
சட்டையை அதன்மேல் இழுத்து மூடி
வாத்து நடை நடந்தான்.
அறையே குலுங்கியது.
நானும் சிரித்தேன்.
சிரித்துக்கொண்டே வாசலைப் பார்த்தேன்.

மகள் மறந்துவிட்ட தண்ணீர் பாட்டிலோடு
கமாலியேல் நின்றிருந்தார்.
கதவின் தாழ்ப்பாள்
அவர் நெற்றிக்கு நேராக இருந்தது.

தண்டையார்பேட்டை மின்வாரியக் கவுன்ட்டரில்
இரண்டு வருடமாய் அவரிடம்தான் பில் கட்டினேன்.
கம்பி வலைக்கு உள்ளே உயரமான நாற்காலி.
"போன தடவைக்கு நாப்பது யூனிட் கூட,
ஃபிரிட்ஜ் கதவு சரியா மூடுதான்னு பாருங்க" என்பார்.
எங்கள் சபைக்கு வந்த முதல் ஞாயிறு
திருவிருந்துக்கு அவர் எழுந்து நடந்தபோதுதான்
தெரிந்தது, எனக்குத் தெரிந்தது
அவர் முகம் மட்டும்தான் என்று.

பாட்டிலை நீட்டினார்.
வாங்கிக்கொண்டு ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.
"மூடி கொஞ்சம் லூஸு, பாத்து."
அவ்வளவுதான். போய்விட்டார்.
செருப்புச் சத்தம் படியிறங்கும் வரை
ஜெஃப்ரின் மடக்கிய முட்டியை நிமிர்த்தவில்லை,
எழுந்தால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்பதுபோல.

அப்புறம் கெத்சியாள்.
ஆறு வயது, இரண்டாவது பாய்.
அழவில்லை. கையைத் தூக்கினாள்,
ஒன்றுக்குப் போகக் கேட்கும் சுண்டுவிரல் அல்ல,
முழுக் கை.
"அவ்ளோ பேர் முன்னாடி நின்னாங்களே டீச்சர்,
யாருமே ஏன் கொஞ்சம் நகரல?"

பதினொரு வருடம் எடுத்திருக்கிறேன் இந்தப் பாடத்தை.
மரத்தின் பெயர் தெரியும்.
ஊரின் பெயர் தெரியும்.
அந்தக் கூட்டத்தை ஒருநாளும் பார்த்ததில்லை.
அதற்குள்ளேயே நின்றால்
எப்படித் தெரியும்?
மணி அடித்தது. கண்ணை மூடச் சொன்னேன்.
ஜெபத்துக்கு வார்த்தை வரவில்லை.
ஆமென் மட்டும் சொல்லிக் கலைந்தோம்.

இரவு ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதிப் பார்த்தேன்.
எங்கே தொடங்கினாலும்
'உங்களைப் போன்றவர்கள்' என்று வந்து நின்றது.
கிழித்துப் போட்டேன்.

அடுத்த ஞாயிறு, நான் ஏதும் சொல்லாமலே,
பிள்ளைகள் தங்களுக்குள் பேசி வைத்திருந்தார்கள்.
ஆராதனை முடிந்து டீக்கும் பன்னுக்கும் நின்ற வரிசை
கமாலியேலைக் கண்டதும்
கடல் பிளந்ததுபோல ஒதுங்கிச்
சுவரோடு சுவராய் ஒட்டிக்கொண்டது.
ஜெஃப்ரின் குனிந்து கையால் வழிகாட்டினான்.
பெரியவர்கள் நெகிழ்ந்துபோய்ப் பார்த்தார்கள்.
எல்லோரும் பார்த்தார்கள்.
அதுதான் விஷயம்.
அவர் தாடை இறுகியது.

"ஏன்டா, நான் என்ன ஆம்புலன்ஸா?
வரிசைல நில்லுங்கப்பா. நானும் நிக்கிறேன்."

கோணல்மாணலாய் வரிசை மறுபடி கூடியது.
தள்ளுமுள்ளு. யாருடைய டம்ளரோ கவிழ்ந்தது.
எப்போதும் மேசை நடுவில் இருக்கும் பன் தட்டு
ஓரத்துக்கு வந்திருந்தது,
யார் நகர்த்தியதென்று தெரியவில்லை.
பின்னாலிருந்து ஒருவன் முண்டி
அவர் காலை நன்றாக மிதித்துத்
திரும்பிக்கூடப் பாராமல்
"சாரி அங்கிள்" என்றான்.

"கண்ணு எங்கடா இருக்கு?" என்றார் கமாலியேல்,
காலைத் தேய்த்துக்கொண்டு,
முதல் தடவையாகச் சத்தமாக.