ஆறு மணி நேரத்துக்கு என்ன பார்க்கலாம்

திபிலீசியில், ஆஸ்பத்திரி வாசலுக்கு நேரெதிரே என் கடை.
தண்ணீர், சிகரெட், பல் துலக்கி, ரப்பர் செருப்பு.
கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வருகிறவர்கள்
முதலில் வானத்தைப் பார்ப்பார்கள்,
பிறகு என்னை.
"இங்கே பக்கத்தில் பார்க்க என்ன இருக்கிறது?"

ஊர் சுற்ற வந்தவர்களில்லை.
உள்ளே மேசையில் ஒருவரைக் கிடத்திவிட்டு
"நேரமாகும், வெளியே போய்வாருங்கள்" என்று
டாக்டர் அனுப்பிவைத்த ஆட்கள்.
நான் ஒன்றுதான் கேட்பேன்:
எத்தனை மணி நேரம்?

இரண்டு என்றால் தூரம் வேண்டாம்.
மூலைப் பூங்காவில் நார்டிப் பலகை விரித்துப்
பகடை உருட்டிக்கொண்டிருப்பார்கள்.
குராமுக்கு எதிரே உட்காருங்கள்.
தோற்பீர்கள், பரவாயில்லை, தெருவே தோற்றிருக்கிறது.
எந்த ஊர், யாருக்கு என்ன என்று அவன் கேட்கமாட்டான்.
அதற்காகத்தான் அனுப்புகிறேன்.

மூன்று என்றால் பாலத்துச் சந்தை.
பழைய மெடல்கள், கேமரா லென்சுகள், யார் வீட்டுக் கரண்டிகளோ.
எல்லாவற்றுக்கும் விலை கேளுங்கள், எதையும் வாங்காதீர்கள்.
பீங்கான் நாய் விற்கிற சியாலா
பேரம் பேசாமல் நகர்ந்தால் கோபித்துக்கொள்வாள்.
பேரம் பேசுகிற வாய்க்கு
வேறெதுவும் ஞாபகம் வராது.
நானே சோதித்துப் பார்த்திருக்கிறேன்.

கந்தகக் குளியலுக்கு மட்டும் போகாதீர்கள்.
ஊரே புகழும், வெந்நீர் எலும்புவரை இறங்கும், நிஜம்தான்.
ஆனால் போனை வெளியே வைத்துவிட்டு
நீருக்குள் இறங்க வேண்டும்.

ஆறு மணி நேரம் என்கிறவர்
விரலை மடித்து மடித்துச் சொல்வார்.
அவருக்கு மலை ரயில்.
சிகரெட் அட்டையைக் கிழித்து வழி வரைவேன்:
இங்கே பஸ், இங்கே இறங்கு, இங்கே சீட்டு.
மேலே பெரிய ராட்டினம், குறி பார்த்துச் சுடுகிற கடை,
கிரீம் அடைத்த போஞ்சிக்கி,
குடித்தால் நாக்குப் பச்சையாகிற தார்ஹுனா சோடா.
முக்கியமாக, சிக்னல் நான்கு கோடும் நிற்கும்.
ராட்டின உச்சியிலிருந்து
ஆஸ்பத்திரிக் கூரை தெரியும் என்பதைச் சொல்வதில்லை.
தானாகக் கண்டுபிடிப்பார்கள்.

சிலர் திரும்புகையில் இந்தப் பக்கம் பாராமல் போவார்கள்.
நானும் சில்லறை எண்ணிக்கொண்டிருப்பேன்.

ராச்சா மலையிலிருந்து வந்த ஓதியா
போன மார்ச்சில் அந்த ரயிலில்தான் போனார்.
கறுப்புக் கோட்டு. பையில் மனைவியின் மூக்குக்கண்ணாடி.
இருட்டிய பிறகு வந்து நின்றார், கக்கத்தில்
ஆட்டுக்குட்டி பெரிசுக்கு ஒரு மஞ்சள் பொம்மை வாத்து.
ஐந்துக்கு ஐந்து சுட்டாராம்.
யாரோ ஒரு பொடியன் கைதட்டினானாம்.
"சிரித்துவிட்டேன், லமாரா.
அங்கே அவள் வயிறு திறந்து கிடக்கிறது,
இங்கே நான் சத்தம் போட்டுச் சிரித்துவிட்டேன்."

மீசையில் இன்னும் சர்க்கரை.
துடைத்துக்கொள்ளச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.
வாத்தை உள்ளே விடமாட்டார்கள்,
கொடுங்கள், வைத்திருக்கிறேன் என்றேன்.

ஒன்பது நாள்
தண்ணீர்ப் பாட்டில்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தது.
தீப்பெட்டி வாங்க வந்தவர்களெல்லாம் அதற்கு விலை கேட்டார்கள்.

பத்தாம் நாள் சக்கர நாற்காலியில் ஒரு பெண்.
மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு
என்னை மேலும் கீழும் அளந்தாள்.
"என் புருஷனை எங்கே அனுப்பினாய்?
என்னையும் அங்கே அனுப்பு."
ராட்டினம் குலுக்கும், தையல் தாங்காது என்றேன்.
"குலுக்காமல் போகிற ஏதாவது இருக்குமே,
இவ்வளவு பெரிய ஊரில்?"

யோசித்தேன்.
ஆமை ஏரிக்கு ஒரு கம்பிவடக் கூண்டு போகிறது,
நத்தை வேகம், நடுவழியில் மரங்களின் தலை தெரியும்.
ஞாயிறு வேண்டாம், கூட்டம்.
செவ்வாய்க்கிழமை போங்கள்.
ஜன்னலோரம் நீங்கள் உட்காருங்கள், அவரை விடாதீர்கள்.
வாத்துக்கும் சீட்டு எடுக்கச் சொன்னால்
சண்டை போடுங்கள்.

அட்டையைக் கிழித்தேன்.
பேனா எழுதவில்லை.
ஓதியா தன் பேனாவை நீட்டினார்.