செப்புச் சட்டி

பதினோராம் நாள்.
சன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்தாயிற்று.
உள்ளே கர்தினால்களுக்கு
இனி வேளைக்கு ஒரே கறி.
கோழி வயிற்றைக் கிழித்துக் கடிதம் தேடுகிறான் காவலன்.

கழிப்பிடத்தில் பேரமாம்,
மூக்கைப் பொத்தியபடி ஒரு மறைமாவட்டம் கைமாறுகிறதாம்.
வட்டிக்கடைத் தெருவில் பந்தயம் ஏறுகிறது.

மாலையில் யாரோ கத்தினார்கள்:
"பல்தசாரே! பல்தசாரேதான் பாப்பரசர்!"
பாப்பரசருக்குப் பழைய வீடு எதற்கு?
வழக்கப்படி புகுந்தோம்.
கதவுகூட மிஞ்சவில்லை.
எனக்குக் கிடைத்தது
ஒரு செப்புச் சட்டி.

கிண்ணத்தைக் கவிழ்த்து எண்ணியபோது
இரண்டு சீட்டு குறைவு.

வெறும் கர்தினாலாகத் திரும்பி வந்தார்.
சிலுவை தொங்கிய இடம் மட்டும்
சுவரில் வெளுத்திருந்தது.

என் வாசலில் நின்றார்.
"ஒர்சோலா, கொஞ்சம் சூப் கிடைக்குமா?"

அவர் சட்டியிலேயே காய்ச்சினேன்.
உப்பு சரியாக இருக்கிறதென்றார்.