பாக்கெட் வைத்துத் தைப்பது

குகையில் என் கடை, எதிரே ஆவின் பூத்.
பதினெட்டு வருஷத்தில்
சுடிதாருக்குப் பாக்கெட் கேட்டவர்களை
விரல்விட்டு எண்ணிவிடலாம்.
கேட்டவர்களையும்
"ஷேப் போயிடும்" என்று அனுப்பியது நான்தான்.

சௌடாம்பிகை கேட்டதும் பாக்கெட்தான்.
ஷட்டரைப் பாதி இறக்கச் சொல்லிவிட்டுக் கேட்டாள்.

மஞ்சப்பைக்குள் துண்டு, துண்டுக்குள் அது.
"காலிதாங்க."
கைப்பிடியைக் கவிழ்த்து
குண்டுக்கூடு கழற்றிய பொந்தைக் காட்டினாள்.
மேல்பாகத்தைப் பின்னால் இழுத்து
உள்ளேயும் எதுவுமில்லை என்று காட்டினாள்.
அப்புறம்தான் மேசையில் வைத்தாள்,
வாய் சுவரைப் பார்க்க.

எனக்குத் தெரிந்தது டேப்.
நீளம் ஆறுக்குக் கொஞ்சம் கம்மி.
உயரம் நாலேகால்.
கனம் ஒரு அங்குலம்கூட இல்லை.
"வெறுசா அரைக் கிலோ. பத்து போட்டா இன்னும் கூடும்."
அவள் கைக்குத் தராசு வேண்டியதில்லை,
வெள்ளிக்கட்டி தூக்குகிற கை.

பனங்காடு, சிவதாபுரம், மணியனூர்,
பட்டறை பட்டறையாகக் கொலுசு வாங்கி
ராத்திரி ஒன்பதுக்குமேல்
செவ்வாய்ப்பேட்டைக்கு ஸ்கூட்டரில் திரும்புகிறவள்.
லைசென்ஸுக்குக் கலெக்டர் ஆபீஸ் படி
பதினாலு மாசம் ஏறினாளாம்.
ஏன் என்று நான் கேட்கவில்லை.
இடது புருவத்தின் மேல் தையல் போட்ட தழும்பு இருந்தது.
மோசமான தையல்.

பயந்துகொண்டேதான் தொட்டேன்.
ஒரு முனைகூட உறுத்தவில்லை.
குறி பார்க்கிற மேட்டைக்கூடச் சரிவாகச் சீவியிருந்தது.
"எடுக்கறப்ப துணி மாட்டக்கூடாது பாருங்க."
எந்த ஊர்க்காரனோ இதைச் செய்தவன்,
செய்யும்போது துணியை நினைத்திருக்கிறான்.

இனி என் பாடு.
நாடா தாங்காது,
ரெண்டே நாளில் பேண்ட் இடுப்பைவிட்டு இறங்கும்.
பள்ளிக்கூடப் பையின் வாரை வெட்டி
உள்ளே தனியாக ஒரு பட்டை.
விசை இருக்கிற இடத்தில் துணி மட்டும் போதாது,
தெரியாமல் எதுவும் அமுக்கிவிடக் கூடாது.
கிச்சிப்பாளையத்துச் செருப்புக் கடையில்
தடித்த தோல் வாங்கி உறையாக்கினேன்.
டாப்பின் ஸ்லிட்டை ஒன்றரை அங்குலம் ஏற்றினேன்.

மூணாவது தடவை போட்டுப் பார்த்தாள்.
குனிஞ்சு பாருங்க என்றேன். குனிந்தாள்.
ஸ்டூலில் உட்காரச் சொன்னேன்.
கையைத் தூக்கி மேலே ஷெல்ஃபில் நூல்கண்டு எடுக்கச் சொன்னேன்.
கண்ணாடியில் தேடினேன்,
தைத்த எனக்கே தெரியவில்லை.
இவ்வளவு நல்ல வேலை நான் செய்ததில்லை,
யாரிடமும் காட்டவும் முடியாது.
முந்நூற்றைம்பது சொன்னேன்.
ஐந்நூறு கொடுத்துவிட்டு மீதி வாங்காமல் போனாள்.

மார்ச்சில் தேர்தல் அறிவித்தார்கள்.
ஊரில் இருக்கிற லைசென்ஸ் துப்பாக்கியெல்லாம்
ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொன்னார்கள்.
மறுநாள் வந்து
அந்த உறையிலிருந்தே ரசீதை எடுத்துக் காட்டினாள்.
"பட்டையைக் கழட்டலியா?"
"பழகிப்போச்சு. கனமில்லாம நடை கோணுதுங்க."
உள்ளே துணி சோப்பு ஒன்று வைத்திருந்தாள்,
கவர் பிரிக்காமல்.

அதே சோப்போடு
ரெண்டரை மாசம் ராத்திரி ஸ்கூட்டர்.
கை போகிற இடத்துக்குக் கை போனதாம்.
பால் மார்க்கெட் திருப்பத்தில் ஒருத்தன்
பைக்கை மெதுவாக்கினானாம்,
அந்தக் கையைப் பார்த்தானாம்,
போய்விட்டானாம்.
சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.
எனக்குச் சிரிப்பு வரவில்லை.

போன வாரம் திரும்ப வாங்கிவிட்டாள்.
வலது பக்கமும் ஒரு பாக்கெட் வேணுமாம்.
"இதுக்கு அளவு?"
"சாவி, கைக்குட்டை, இருநூறு ரூபாய்.
அது எவ்வளவோ அவ்வளவு."

இப்போதெல்லாம் காலேஜ் பெண்கள் கேட்டால்
ஷேப் போயிடும் என்பதில்லை.
எத்தனை அங்குல ஆழம் என்கிறேன்.
எதற்கு என்று
கேட்பதில்லை.