எம். இசக்கிமுத்து, தடுப்பாட்டம்

பல்கலைக்கழக அணிப் பட்டியலில் ஒன்பதாவது பெயர்.
மூன்றாவது கார்பன் பிரதி.
கல்லூரிப் பெயர் இருக்கவேண்டிய இடத்தில்
நீலமாய் ஒரு புகை.

அந்த சீசனில் எங்கள் மண்டலத்தில்
எம். இசக்கிமுத்து இரண்டு பேர்.
அம்பாசமுத்திரம் பக்கத்துக் காலேஜில் நான், இடது பேக்.
கடையநல்லூர்க்காரன் வலது பேக்.
இருவருக்கும் அப்பா பெயர் மாடசாமி.
எங்கள் பக்கம் கல்லை விட்டெறிந்தால்
ஓர் இசக்கிமுத்து மேல் படும்,
தப்பினால் ஒரு மாடசாமி மேல்.

பிளேசர் வாங்க வரச்சொன்னது ஒரு வியாழக்கிழமை.
பாளையங்கோட்டையில், மைதானத்துக்குப் பின்னால்,
கிழிந்த வலைகளும் சுண்ணாம்பு மூட்டையும் கிடந்த அறை.
பங்குனி வெயில் ஓட்டை உருக்கிக்கொண்டிருந்தது.
எனக்கு முன்பே வந்து பெஞ்சில் இருந்தான்,
தலையைப் படியச் சீவி, போட்டோவுக்குத் தயாரான முகத்தோடு.
என் சட்டைப்பையிலும் ஒரு சீப்பு.

ஞானசிகாமணி சார்
பட்டியலைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்,
ஓடாத ஃபேனைப் பார்த்தார்.
"எவம்ல அது, இதுல இருக்கவன்?"
இரண்டு பேரும் எழுந்தோம்.

செமி ஃபைனல் முழுக்க
ஒரே பக்கக் கோட்டில்தான் ஓடினோம்,
அவன் அங்கிருந்து, நான் இங்கிருந்து.
கடைசி நிமிடக் கார்னரில்
கோல் கோட்டுக்கு மேல் நின்று, கீப்பர் விழுந்து கிடக்க,
நெற்றியால் ஒரு பந்தை வெளியே தள்ளினானே,
அதைப் பார்த்துத்தான் தேர்வுக்குழுவில் ஒருவர்
பென்சிலை எடுத்திருக்க வேண்டும்.
அந்தப் பந்தை அடித்தவன் நான்.

இதை அந்த அறையில் சொல்லியிருக்கலாம்.

"யாருக்குச் சேருதோ அவம் எடுத்துக்கோ,
எனக்கு மூணு மணிக்கு மீட்டிங் இருக்கு" என்றார் சார்.
மெரூன் நிறம். கம்பளி மாதிரி ஏதோ துணி.
அவன் போட்டான்: மணிக்கட்டு நான்கு விரல்கடை வெளியே நின்றது.
நான் போட்டேன்.
கண்ணாடி இல்லை, அவன் முகத்தில்தான் பார்த்துக்கொண்டேன்.
"ஒனக்கு நல்லாருக்கு வே" என்றான்.
தென்காசி பஸ்ஸுக்குச் சில்லறை இருக்கிறதா என்று
என்னிடமே கேட்டான். கொடுத்தேன்.

சான்றிதழ் ஆடியில் தபாலில் வந்தது.
பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில்: வலது பேக்.
தலைமைக் குமாஸ்தா கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்துவிட்டார்.
கடையநல்லூருக்கு உறை எழுதினேன்,
தலை ஒட்டினேன். தெருப் பெயர் தெரியவில்லை.
தெரியவில்லை என்பதும் முழு உண்மையில்லை.

விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை.
திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் இன்டர்வியூ,
அதே கோட்டு, கழுத்தோரம் வியர்வை.
காகிதத்தைப் புரட்டிய அதிகாரிக்கும் ஆட்டம் பிடிக்குமாம்.
"எந்தப் பக்கம் ஆடுனீங்க?"

"வலது, சார்."

மேசைக்கு அடியில்
இடது கால் மட்டும்
ஷூவுக்குள் ஒருமுறை விரல் மடக்கியது.