பள்ளத்தூரில் ஒரு மலை

எங்கள் பக்கத்தில் மலை என்பது
ஆட்களின் பெயர்.
சோலைமலை வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறான்,
அழகுமலை மின்வாரியத்தில்.
மற்றபடி புதுவயல் தொடங்கிக் கானாடுகாத்தான் வரை
ஒரு கோலிக்குண்டைத் தரையில் வைத்தால்
எந்தப் பக்கம் உருள்வதென்று
அதுவே யோசிக்கும்.

மலையிறக்க சைக்கிள் பந்தயம் என்றால்
ஊட்டிக்குப் போகவேண்டும்.
போனேன் ஒருமுறை, பெயர் கொடுக்கலாமா என்று கேட்க.
கட்டணம் என் அரை மாதச் சம்பளம்.
முகம் மூடும் தலைக்கவசம், முட்டிக்காப்பு,
முன்னும் பின்னும் ஸ்பிரிங் வைத்த சைக்கிள்
(விலையைக் கேட்டேன், இரண்டாம் தடவை கேட்கவில்லை),
உரிமம் இருக்கிறதா, எந்த கிளப்,
இதற்கு முன் எங்கே ஓட்டினீர்கள்?
ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கும்
வீட்டுக்கும் நடுவே, சார்.

சோலைமலைதான் கண்டுபிடித்தான்.
பள்ளத்தூருக்குத் தெற்கே
செம்புறாங்கல் வெட்டி முடித்துக் கைவிட்ட குவாரி.
ஐம்பதடி ஆழம்.
லாரி இறங்கிய பாதை மூன்று வளைவாய்
சுவரோடு ஒட்டிக்கொண்டு போகிறது.
"மலை இல்லேன்னு யாரு சொன்னது?
அது கீழ்ப்பக்கமா இருந்துச்சு.
எடுத்து வீடு கட்டிட்டாங்க."

கட்டணம் நூறு ரூபாய், டீ உட்பட.
வயது வரம்பு கிடையாது, பிரேக் பிடிக்கவேண்டும்,
அதை அவனே உருட்டிப் பார்ப்பான்.
வந்தவர்கள் முப்பத்தொரு பேர்.
தண்ணீர்க் கேன் போடும் செக்கப்பன்
கேரியரைக் கழற்றி வேம்பில் மாட்டிவிட்டு வந்தான்.
கூட்டுறவு வங்கிக் காசாளர் வயிரவன்
பேன்ட்டில் துணி கிளிப்போடு.
அக்கா தங்கை இருவர் ஒரே சைக்கிளில் வந்து
யார் முதலில் என்று காசு சுண்டினார்கள்.
நான் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக்கொண்டு
பதினாறாம் எண்,
முதுகில் இனிப்புக்கடை அட்டைப்பெட்டியின் மூடி.

தலைக்கவசம் இரண்டே இரண்டு.
இறங்கியவர் கழற்றிக் கூடையில் வைக்க
கிணற்றுக் கயிறும் கப்பியுமாய் மேலே வரும்.
யாரோ ஒருவரின் வியர்வை
என் நெற்றியில் வழிந்தது.
இன்னும் சூடாக இருந்தது.

விசில்.

முதல் வளைவு முழுக்கச் சரளை.
மணிக்கட்டில் நுழைந்து
பல் வரைக்கும் ஏறியது பாதை.
இரண்டாவதில் பிரேக்கை விடு என்றிருந்தார்கள்,
விட்டேன்,
எட்டு வருடமாய் ஊசி பிடித்த விரல்கள்
எதையுமே பிடிக்காமல்
சிவந்த சுவர் பக்கவாட்டில் ஓட
வெட்டுத் தடங்கள் ஒரே கோடாய் ஓட
வயிறு மட்டும்
மேலேயே நின்றுவிட்டது

மூன்றாம் வளைவில் விழுந்தேன்.
அதையும் சொல்லத்தான் வேண்டும்.
முழங்கை உரிந்தது, சங்கிலி கழன்றது.
மாட்டிக்கொண்டு மறுபடி ஏறும்வரை
கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது,
யாரும் தூக்கிவிட வரவில்லை.
அதுதான் விதி.
எனக்கு அது பிடித்திருந்தது.

ஒரு நிமிடம் ஒன்பது நொடி.
செக்கப்பன் முப்பத்தெட்டு நொடியில் ஜெயித்தான்.
பரிசு ஒரு டயர், ஒரு டியூப்.
நான் இருபத்தேழாவது.
எனக்குப் பின்னாலும் நாலு பேர் என்பதை
வீட்டில் இரண்டு தடவை சொன்னேன்.

ஊட்டியில் ஜீப் மேலே ஏற்றிவிடும்.
இங்கே தள்ளிக்கொண்டு வர பன்னிரண்டு நிமிடம்.
தள்ளும்போதுதான் பாதையைப் பார்த்தேன்.
விழுந்த இடத்தில் ஒரு கல்,
உள்ளங்கை அகலம்கூட இல்லை.
ஓரமாய் எடுத்துப் போடக் குனிந்தேன்.
போடவில்லை.
சுற்றிக்கொண்டு போய்ப் பார்க்கவேண்டும்.

மேலே வந்து
எண் அட்டையைக் கழற்றிக் கொடுக்கப் போனேன்.
"வச்சுக்கங்க" என்றான் சோலைமலை,
டீ கிளாஸை நீட்டியபடி.
"ஐப்பசியில குவாரி ரொம்பிடும்.
அதுக்குள்ள
இன்னும் ரெண்டு ஞாயித்துக்கிழமை இருக்கு."